ஒரே புத்தகத்தில் உலக சரித்திரம்

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் அன்று விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஏதாவது ஆன்மிக விஷயமாகப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதற்கு இங்கே என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், ஐம்பது வருஷமாக விடாமல் படித்து வரும் ஒரு வகைப் புத்தகம். உலகம் தோன்றியதிலிருந்து நேற்று வரைக்கும் ஒரே அட்டைக்குள் அடக்கித் தருகிறோம் என்று சொல்லும் குண்டுப் புத்தகங்களைச் சொல்கிறேன். அவற்றால் நான் அடைந்த லாபத்தையும், ஒருமுறை பட்ட அவமானத்தையும் சொல்லப் போகிறேன்.

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். சரித்திரம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. பிறகு மத்திய சர்க்கார் உத்தியோகம். கல்கத்தா, போபால், நாக்பூர் என்று மாற்றல் மேல் மாற்றல். 1974-இல் கல்கத்தாவில் காலேஜ் தெரு நடைபாதைக் கடையில் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய உலக சரித்திரத்தின் பழைய பதிப்பு ஒன்றை ஆறு ரூபாய்க்கு வாங்கினேன். ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில் பயணம். திருச்சி வந்து சேர்வதற்குள் ரோமாபுரி விழுந்துவிட்டது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

முதலில் லாபத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நாம் சரித்திரத்தைத் தனித்தனி அறைகளாகப் படிக்கிறோம். சோழர்கள் ஒரு பாடம், கஜினி முகமது இன்னொரு பாடம். சீனா, பாரசீகம் எல்லாம் பாடத்திலேயே கிடையாது. ஒரே புத்தகமாகப் படிக்கும்போதுதான் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் போகிறது. 1010 என்ற ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்காக ராஜராஜன் செப்புக் கலசம் கொடுக்கிறான். அதே வருஷம் பாரசீகத்தில் பிர்தௌசி தன் ஷாநாமா காவியத்தை எழுதி முடிக்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் முரசாகி என்ற அரண்மனைப் பெண்மணி கெஞ்சியின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள். 1015-இல் சோழ தூதுக்குழு சீனாவில் சோங் பேரரசரின் சபைக்குப் போய்ச் சேருகிறது. 1025-இல் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்குகிறது. கஜினி முகமது சோமநாதபுரத்தை நோக்கிப் புறப்பட்டதும் அதே 1025-தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு உதாரணம், நம் வீட்டு விஷயம். தெவசத்து சமையலில் ஏன் மிளகாய் கிடையாது, மிளகு மட்டும்தான் என்று சின்ன வயதில் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். “அது அப்படித்தான்டா” என்பதுதான் பதில். உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது. உலக சரித்திரம் படித்த பிறகுதான் விடை புரிந்தது. கொலம்பஸ் 1492-இல் கடலைக் கடந்து போவதற்கு முன் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம் எதுவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இல்லை. போர்ச்சுகீசியர்கள்தான் மிளகாயை நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நம் பித்ருக்களுக்குத் தெரியாத காய்கறியை அவர்களுக்குப் போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கோஸும் காரட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை அல்லவே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவையும் நம் பக்கத்துக்கு வெள்ளைக்காரர்கள் மூலம் வந்தவைதான். எந்த ஒரு தேசத்தின் சரித்திரத்தை மட்டும் படித்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

இனி மறுபக்கம். வெல்ஸிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் சரித்திரப் பேராசிரியர் அல்ல. டி.எச்.ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்த விஞ்ஞானப் பட்டதாரி. முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு 1919-20-இல் இந்த சரித்திரத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ராஜா ராணியிலிருந்து தொடங்காமல் பூமி உருவானதிலிருந்து தொடங்கினார். அசோகரை உலகத்தின் மிகச் சிறந்த மன்னர்களில் முதல் வரிசையில் வைத்துப் போற்றினார். நம்மவர்கள் மேடையில் இதைத்தான் அடிக்கடி சொல்வார்கள்.

ஆனால் அதே புத்தகத்தில் பில்ட்டவுன் மனிதன் என்று ஒருவன் வருகிறான். 1912-இல் இங்கிலாந்தில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட மண்டையோடு. தாடையைப் பற்றிச் சந்தேகம் உண்டு என்று வெல்ஸ் சொல்லாமல் இல்லை. ஆனாலும் மனிதகுலத்தின் பாதையில் அவனுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார். 1953-இல் குட்டு வெளிப்பட்டது. மனிதனின் மண்டையோட்டையும் ஒராங்குட்டான் குரங்கின் தாடையையும் சேர்த்து, பழையதாகத் தெரிவதற்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பூமிக்குள் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரினை உறிஞ்சும். அதை அளந்து பார்த்ததும் மோசடி வெளிப்பட உதவியது. கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்.

பில்ட்டவுன் இருக்கிறான், ஹரப்பா இல்லை. வெல்ஸின் முதல் பதிப்பில் சிந்துவெளி நாகரிகம் என்ற பேச்சே கிடையாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜான் மார்ஷல் அதை உலகத்துக்கு அறிவித்ததே 1924 செப்டம்பரில்தான். அசோகர் மட்டும் எப்படி இடம்பிடித்தார்? 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். 1915-இல் கர்நாடகத்தில் மஸ்கி என்ற இடத்தில் அசோகர் என்ற பெயரோடு கல்வெட்டு கிடைத்தது. நூறு வருஷம் முன்னால் வெல்ஸ் எழுதியிருந்தால் அசோகர் இருந்திருக்க மாட்டார். பத்து வருஷம் பின்னால் எழுதியிருந்தால் மொஹஞ்சதாரோ இருந்திருக்கும். ஆகவே இந்த மாதிரிப் புத்தகம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது ஆசிரியர் பெயரை அல்ல, எந்த வருஷத்துப் பதிப்பு என்பதைத்தான். மாத்திரை வாங்கும்போது தேதி பார்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

அடுத்தது இடப்பங்கீடு. எழுத்து தோன்றி ஐயாயிரம் வருஷம். புத்தகம் ஐந்நூறு பக்கம். சமமாகப் பங்கிட்டால் பத்து வருஷத்துக்கு ஒரு பக்கம். யாரும் அப்படிப் பங்கிடுவதில்லை, முடியவும் முடியாது. எதற்குப் பத்துப் பக்கம், எதற்கு ஒரு வரி என்று ஆசிரியர் முடிவு செய்யும்போதே பாதி அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது. சீனாவில் 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கலகத்தில் இரண்டு கோடிப் பேராவது மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அதே காலத்தில் நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இறந்தவர்கள் ஏழு லட்சம் வாக்கில். எதற்கு எத்தனை பக்கம் என்று உங்கள் வீட்டுப் புத்தகத்தில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம் 1918 இன்ஃபுளுயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பழைய மத்திய மாகாணம். 1901-க்குப் பிறகு நம் தேசத்தில் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911–21. என் பாட்டி அதை விஷ ஜுரம் என்பாள். அவளுடைய அக்கா குடும்பமே அதில் போய்விட்டது. நான் படித்த பழைய உலக சரித்திரங்களில் முதல் உலக யுத்தத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். விஷ ஜுரத்துக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் பெரிய விஷயம். கொரோனா வந்த பிறகுதான் எல்லாரும் அந்த வாக்கியத்தைத் தேடினார்கள்.

இப்போது அவமானத்துக்கு வருகிறேன். இதை என் மனைவி தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1987-இல் போபாலில் இருந்தேன். எனக்கு எதிர் மேஜையில் அந்த ஊர்க்காரர் ஒருவர். முஸ்லிம். பெயர் வேண்டாம். நல்ல படிப்பாளி, உருதுக் கவிதையில் பிரியம். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் தயிர் சாதம் எனக்கு, அவர் ரொட்டி அவருக்கு, பேச்சு மட்டும் பொது. ஒருநாள் மாலை டீ வேளையில் பத்துப் பேர் சுற்றி இருக்க, நான் உலக சரித்திரம் படித்த மிதப்பில் அலெக்ஸாண்டிரியா நூலகத்தின் கதையைச் சொன்னேன். எகிப்தைப் பிடித்த அரபுத் தளபதி, நூலகத்தை என்ன செய்வது என்று கலீபா உமரைக் கேட்டாராம். குர்ஆனில் இருப்பதைச் சொல்லும் புத்தகம் தேவையில்லை, இல்லாததைச் சொல்லும் புத்தகம் கூடாது, எரித்துவிடு என்று பதில் வந்ததாம். ஊரிலுள்ள குளியல் கூடங்களுக்கெல்லாம் ஆறு மாதம் அதுவே விறகாம். கதை நன்றாக இருக்கிறது, இல்லையா? எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று மட்டும் ஹிந்தியில் கேட்டார். பெயரைச் சொன்னேன். “அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் அடிக்குறிப்பே கிடையாது.

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஆனால் சரித்திரம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

2003-இல் என் தகப்பனார் காலமானார். ஸ்ரீரங்கத்து வீட்டை ஒழிக்கும்போது அவருடைய அலமாரியில் நேரு எழுதிய உலக சரித்திரம் இருந்தது. 1930 அக்டோபரிலிருந்து 1933 ஆகஸ்ட் வரை பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள். தமிழில் ஓ.வி.அளகேசன் மொழிபெயர்த்திருக்கிறார், அப்பாவிடம் இருந்தது இங்கிலீஷ் மூலம். நேருவும் கேம்பிரிட்ஜில் கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, பாட்டனி படித்துத் தேறியவர் என்பது பலருக்குத் தெரியாது. சிறையில் நூலக வசதி இல்லாமல், தன் குறிப்பு நோட்டுகளையும் வெல்ஸ் மாதிரியானவர்களின் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு எழுதியது. சரி, சின்ன வயதில் அங்குமிங்கும் புரட்டியதுதானே என்று உட்கார்ந்து படித்தேன். அரபுகளைப் பற்றிய கடிதம் வந்தது. அலெக்ஸாண்டிரியா நூலகத்தை அவர்கள் எரித்தார்கள் என்ற கதை பொய் என்றே இப்போது கருதப்படுகிறது என்று நேரு தெளிவாக எழுதியிருக்கிறார். நான் திருச்சியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பக்கம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது!

பிறகு ஒழுங்காகத் தேடினேன். அரபுகள் எகிப்தைப் பிடித்தது 641–642-இல். எரித்த கதை எழுத்தில் வருவது பதின்மூன்றாம் நூற்றாண்டில், அறுநூறு வருஷம் கழித்து. அந்தப் படையெடுப்புக் காலத்திலேயே எகிப்தில் வாழ்ந்து சரித்திரம் எழுதிய நிக்கியு ஊர் பிஷப் ஜான், அரபுகளிடம் அவருக்குப் பிரியம் ஒன்றும் இல்லை, அவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வேடிக்கை என்னவென்றால், அரபுகளை விடுவித்த நேரு அந்தப் பழியை ரோமாபுரிப் பேரரசர் தியோடோசியஸ் பக்கம் திருப்பியிருக்கிறார். 391-இல் அங்கே செராபியம் கோவிலை இடித்தது உண்மை. அப்போது அதற்குள் புத்தகங்கள் இருந்தனவா என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஒரு தப்பைத் திருத்திய அதே பக்கத்தில் இன்னொரு அவசர முடிவு. ஒரு நூலகம் பல நூற்றாண்டுகளில் கவனிப்பாரில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது என்று எழுதினால் கதை ருசிக்காதே.

போபால் நண்பருக்குக் கடிதம் எழுதினேன். பதினாறு வருஷம் கழித்து. நான் சொன்னது தப்பு, பத்துப் பேர் முன்னால் சொன்னேன், அதே பத்துப் பேரைக் கூட்டித் திருத்த எனக்கு வழியில்லை என்று எழுதினேன். ஒரு போஸ்ட்கார்டு வந்தது. என் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கிப்பன் ஐம்பத்தோராவது அத்தியாயத்தில் இருநூறு வருஷம் முன்பே இதைச் சந்தேகித்திருக்கிறார், பாருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். 1987-லேயே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்தக் காலத்துப் புத்தகங்களுக்கு வருவோம். என் பேரன் எஞ்சினியரிங் படிக்கிறான். போன வருஷம் லீவுக்கு வந்தவன் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு, “தாத்தா, விவசாயம்தான் மனுஷன் பண்ணிண்ட பெரிய மோசடி, தெரியுமோ?” என்றான். தட்டில் இருந்ததோ சாம்பார் சாதம். யுவால் நோவா ஹராரி எழுதிய சேப்பியன்ஸ் படித்திருக்கிறான். ஹீப்ருவில் 2011, இங்கிலீஷில் 2014. தமிழிலும் வந்திருக்கிறது. நானும் இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு சுவாரஸ்யமாக எழுத ஒருவரால் முடியும் என்பதே பொறாமையாக இருக்கிறது. ஆனால் மோசடி என்ற அந்த எண்ணம் புதிதல்ல. ஜாரெட் டைமண்ட் 1987-லேயே ஒரு கட்டுரையில் விவசாயத்தை மனிதனின் மிகப் பெரிய தவறு என்று எழுதிவிட்டார். அவரும் நம் ஜாதிதான், அதாவது விஞ்ஞானப் பட்டதாரி. பித்தப்பையின் சவ்வைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பல இடங்களில் ஆதி விவசாயிகளின் எலும்புக்கூடுகள் குள்ளமாகவும் சொத்தைப் பல்லோடும் கிடைத்திருப்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து மோசடி என்ற சொல்லுக்கு எத்தனை படி தாண்ட வேண்டும் என்பதைப் புத்தகத்தின் வேகம் நம்மைக் கவனிக்க விடுவதில்லை.

அதே புத்தகத்தில் நம்மைப் பற்றி ஒரு வாக்கியம் உண்டு. ஏறத்தாழ மூவாயிரம் வருஷம் முன்பு ஆரியர்கள் படையெடுத்து வந்து உள்ளூர் மக்களை அடக்கியபோது ஜாதி முறை உருவாயிற்று என்பது அதன் சாரம். நம் உறுப்பினர்கள் சிலர் இதற்காகவே அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்ததாகச் சொன்னார்கள். எறிய வேண்டாம், பிரித்துப் பாருங்கள். ஸ்டெப்பி புல்வெளிப் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள், ஏறக்குறைய கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் வந்தார்கள் என்று 2019-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆகவே யாருமே வரவில்லை என்று மேடையில் முழங்கும் நம்மவர்கள் கட்சியும் நிற்காது. ஆனால் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் ஹார்வர்டுக்காரர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வந்தவர்களும் இருந்தவர்களும் சுமார் 1900 வருஷம் முன்பு வரை பரவலாகக் கலந்திருக்கிறார்கள். கலப்பு நின்று அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் என்று இறுகியது அதற்கு அப்புறம்தான். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு நீண்ட சமாசாரத்தை ஒரே வாக்கியத்தில் மடித்து வைத்தால், ஒரு தரப்புக்குக் கோபம், இன்னொரு தரப்புக்கு ஆயுதம். இறுகியது நம் முன்னோர்கள் காலத்தில்தான், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிரியமான ஆசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச். 1935-இல் வியன்னாவில், இருபத்தாறு வயதில், வேலை இல்லாமல் இருந்தபோது சிறுவர்களுக்காக ஆறே வாரத்தில் ஓர் உலக சரித்திரம் எழுதினார். நாஜிகள் அதைத் தடை செய்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துப் புதிய பதிப்பு வந்தபோது பழைய பக்கங்களை ஓசைப்படாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதல் உலக யுத்த முடிவில் ஜனாதிபதி வில்சன் ஜெர்மானியருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார் என்று தான் எழுதியது தவறு, அந்தக் காலத்தில் தன்னைச் சுற்றி எல்லாரும் சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன் என்று கடைசியில் ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார். போபாலுக்குக் கடிதம் எழுத எனக்குப் பதினாறு வருஷம், அவருக்கு ஐம்பது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் இப்போது புத்தகம் வாங்கும்போது ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பின்னிணைப்பில் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் முதலில் படிப்பேன். கெமிஸ்ட்ரி, சோழர், எதுவானாலும் சரி. அங்கே சரியாக இருந்தால் எனக்குத் தெரியாத ஆஸ்டெக்குகளைப் பற்றியும் ஓரளவு நம்புவேன். அங்கே உளறியிருந்தால், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, திருப்பி வைத்துவிடுவேன்.

இந்த உரையை எழுதி முடித்துப் பேரனிடம் போனில் படித்துக் காட்டினேன். “1010-னு சொல்றேளே, அது எங்கே இருக்கு தாத்தா?” என்றான். இரண்டு நாள் பிடித்தது. கலசம் கொடுத்தது ராஜராஜனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 275-ஆம் நாள் என்று கோவில் கல்வெட்டிலேயே இருக்கிறது. காவியம் முடிந்த வருஷம் ஹிஜ்ரி 400 என்று பிர்தௌசியே கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

வெல்ஸ், நேரு, கோம்பிரிச், ஹராரி நான்கையும் நம் கிளை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். வெல்ஸில் பில்ட்டவுன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், பிய்த்துவிட வேண்டாம். நேருவில் என் தகப்பனார் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் நிறைய உண்டு, அழிக்காமல் படியுங்கள். ஒருவருக்கு ஒரு மாதம். செயலாளரிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.